கரடியார் கார் சூடேற்றிய கதை

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. இருங்கள், அவசரப்படக் கூடாது. அது குளிர்ந்த காடு, கதையும் இன்னும் குளிர்ந்துதான் கிடக்கிறது. எடுத்த எடுப்பில் ஓட்டினால் பாதியில் நின்றுவிடும் என்பது இதைச் சொல்பவனின் நம்பிக்கை. அதனால் மரங்களின் உயரம், பனியின் அடர்த்தி என்று முதலில் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தான். வீட்டில் படித்துக் காட்டியபோது, கரடி எப்போது வரும் என்று கேட்டுவிட்டார்கள். சரி, கிளம்புவோம்.

கரடியின் பெயர் மாசிலாமணி. தேன் சங்கத்து டீசல் லாரியை முப்பத்திரண்டு வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மார்கழிக் குளிரில் அந்த லாரி லேசில் மசியாது. பத்து நிமிடம் உறுமவிட்டால்தான் மேடு ஏறும். அந்தப் பத்து நிமிடமும் தேன் டின்களோடு காடே காத்து நிற்கும். யானைகூட, "அண்ணே, போலாங்களா?" என்று பணிவாகத்தான் கேட்கும். மாசிலாமணி காபியை உறிஞ்சிக்கொண்டே, "இன்னும் சூடு ஏறல" என்பார். அவர் வாழ்க்கையில் மற்றவர்கள் அவருக்காகக் காத்திருந்தது அந்தப் பத்து நிமிடம்தான்.

ஓய்வுக்குப் பிறகு நான்கு வருடம் அவர் ஸ்டியரிங்கையே தொடவில்லை. இப்போது வாசலில் ஒரு புதுக் கார், வாங்கி மூன்று நாள். பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற வகை. மகள் வெண்மதியிடம் லைசென்ஸ் இருந்தும் சாவியை அவர் கண்ணில்கூடக் காட்டவில்லை.

அன்று வெண்மதிக்குத் தேனடை ஆய்வாளர் தேர்வு. இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் ஒரு மார்க்கில் போயிற்று. அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும், இதுதான் கடைசி. மலையடிவாரத்தில் சென்டர். பதினொரு கொண்டை ஊசி வளைவு இறங்க அரை மணி நேரம் வேண்டும். ஒன்பதுக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

எட்டு மணிக்கு மாசிலாமணி ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். அழுத்திவிட்டு இறங்கி வந்து காபி கேட்டார்.

நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்த மனைவி தெய்வானை நிமிர்ந்தாள். "என்னங்க, வண்டியோட வந்த புஸ்தகத்துல அரை நிமிஷம் போதும்னு போட்டிருக்கு. மெதுவா ஓட்டுனா அதுவா சூடாயிக்குமாம்."

"புஸ்தகம் எழுதுனவன் நம்ம மலைக்கு வந்திருக்கானா?" என்றார் மாசிலாமணி.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த வெண்மதி ஹால் டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்தை மறுபடி ஒருமுறை படித்தாள்.

ஏழாவது நிமிடத்தில் எஞ்சின் அடங்கிப்போனது. சூடு போதும் என்று தெரிந்தால் அந்த வண்டி எஞ்சினைத் தானே அணைத்துக்கொள்ளும், பேட்டரியில் நகரக் காத்திருக்கும். இதுவும் புத்தகத்தில் இருந்தது. மாசிலாமணியோ, "பாத்தியா, சூடு பத்தாம நின்னுபோச்சு" என்று வெற்றிக்களிப்போடு ஆக்சிலேட்டரை மிதித்தார். எஞ்சின் மறுபடி உறுமியது. பத்து நிமிடத்தை ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

மறுபடி அடங்கியது. மறுபடி மிதித்தார், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். மணி எட்டு இருபத்தைந்து.

"அப்பா," என்றாள் வெண்மதி.

அவர் பானட்டைத் திறந்தார். உள்ளே அவருக்குத் தெரிந்த சாமான் ஒன்றுகூட இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான் தெரிந்தது. நிபுணர் மாதிரி அதைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். அவருக்கே சிரிப்பு வந்தது. பின்னாலேயே பயமும் வந்தது. சத்தமே போடாத இந்த வண்டியை, மகளின் கடைசி வாய்ப்பையும் ஏற்றிக்கொண்டு, அந்த வளைவுகளில் இறக்க அவருக்குத் துணிவு வரவில்லை. எஞ்சின் எப்போதோ சூடாகிவிட்டது. சூடு ஏறாமல் நின்றது மாசிலாமணிதான்.

பானட்டைச் சாத்திவிட்டு வந்தால் ஓட்டுநர் சீட்டில் வெண்மதி உட்கார்ந்திருந்தாள்.

"ஏறுங்கப்பா" என்றாள்.

முப்பத்திரண்டு வருட அனுபவம் இடப்பக்கமாகப் போய் ஏறிக்கொண்டது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. சீட் பெல்ட் போடாததற்குக் கார் அவரைத்தான் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதட்டியது. பதினொரு வளைவிலும் அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். அவள் ஒரு வளைவிலும் தடுமாறவில்லை. பெண் இவ்வளவு நன்றாக ஓட்டுவாள் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு, காவல் நாரை கேட்டைப் பாதி சாத்தியிருந்தபோது, வெண்மதி உள்ளே ஓடினாள்.

வெளியே பெற்றோர் கூட்டம். கடமான் ஒருவர் வந்து விசாரித்தார். "கடைசி நிமிஷத்துல எப்படிங்க வந்து சேர்ந்தீங்க?"

மாசிலாமணி பானட்டில் கை வைத்தார், இதமாக இருந்தது. உண்மையைத்தான் சொல்ல நினைத்தார். ஆனால் எதிரே நாலைந்து பேர் அவர் வாய் திறக்கக் காத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் காத்திருந்து எத்தனை நாளாயிற்று.

"காலைல இருபத்தஞ்சு நிமிஷம் நானே நின்னு சூடு பண்ணுனேன்," என்றார். "இல்லேன்னா இந்நேரம் மூணாவது வளைவுல நின்னிருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டத்திலிருந்த காட்டுப்பன்றி ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார்.

வெண்மதி தேறிவிட்டாள். வேலையில் சேர வேண்டிய நாளன்று அப்பாவை ஏழு மணிக்கே வாசலுக்கு அனுப்பி, கையில் காபியும் கொடுத்துவிட்டாள். அவர் ஒரு மணி நேரம் காரை ஆசை தீரச் சூடு பண்ணினார். எட்டு மணிக்கு அவள் வந்து, "போலாங்களாப்பா?" என்று பணிவாகக் கேட்டாள். "ம், இப்பப் போலாம்" என்று சொல்லிவிட்டு, அவர் இடப்பக்கம் போய் ஏறிக்கொண்டார்.

நீதி: இந்தக் காலத்து எஞ்சினுக்கு அரை நிமிடம் போதும், அப்பாவைத்தான் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஸ்டார்ட் செய்துவிட வேண்டும்.