முதன்மைத் தடை: உளுந்து

உலகப் பசியை ஒழிக்கப்போகும் நிறுவனம் சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு பல் மருத்துவமனையின் மாடியில் இயங்கி வருகிறது. கீழே பல், மேலே உணவு. இவ்விரண்டையும் ஒரே படிக்கட்டால் இணைத்தமையே 'முறைமைச் சிந்தனை' எனப்படும்.

இதன் பெயர் 'நிலைத்த உணவு முறைமை மற்றும் கொள்கை ஆய்வாளர் பயிற்சி நடுவம்'. பெயர் நீளமாதலின், பலகையில் 'நடுவம்' மட்டும் பக்கத்துச் சந்துக்குள் திரும்பியிருக்கும். நான் இங்கே படிவச் சரிபார்ப்பாளன். ஐம்பத்து மூன்றாம் வயதில் தனித்தேர்வராக எழுதிப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழில் தொண்ணூற்றாறு மதிப்பெண் பெற்றமையால், இப்பதவி என்னைத் தேடி வந்தது.

பயிற்சி ஆறு திங்கள். முதல் மூன்று திங்களில் ஆய்வாளர்கள் 'உணவு' என்பதற்கு வரையறை கண்டனர். நான்காம் திங்களில் 'நிலைத்த' என்பதும் முடிந்தது. ஐந்தாம் திங்களில் இயக்குநர் முனைவர் சபரிநாதன் ஓர் அரிய செய்தியை வெளியிட்டார்: உழவர்கள் என்போர் இருக்கிறார்கள், அவர்களை நேரில் காணவும் இயலும்.

கூடவே ஒரு வாக்குறுதியும் அளித்தார். ஆய்வில் தேர்வாகும் ஒரு குடும்பத்தின் உணவுக்கு 'முதன்மைத் தடை' எதுவோ, அதை நடுவமே தன் செலவில் நீக்கித் தரும்.

அந்தப் பேறு நாமகிரிப்பேட்டை மாரக்காளுக்கு வாய்த்தது. ஓர் ஏக்கரில் குச்சிக்கிழங்கு எனப்படும் மரவள்ளி பயிரிடும் அவர், ஐப்பசி மழைக்குப் பின் வரப்போரம் கட்டிய தார்ப்பாயின் கீழ் வசித்து வந்தார். பயிற்சி ஆய்வாளர் ஜோஸ்லின் அவரிடம் நூற்றுப் பன்னிரண்டு வினாக்களை வினவினார். இறுதி வினா, முதன்மைத் தடை யாது என்பது. கைபேசியில் பதிவான விடை எங்கள் கூட்டத்தில் ஒலித்தது:

"ஊடு உளுந்துபோச்சுங்க. அரிசி பருப்பு வெக்க எடமில்லீங்க, அடுப்பெல்லாம் நனையுது. இன்னொரு மழைக்குத் தாங்காதுங்க சாமி."

ஜோஸ்லின் எழுந்தார். "வீடு விழுந்துருச்சுன்னு சொல்றாங்க சார். நானே பார்த்தேன். செவுரே இல்ல."

"வினாத்தாளில் வீடு உண்டா?" என்றார் இயக்குநர்.

"இல்ல சார்."

"ஊடு?"

"ஊடுபயிர்னு ஒரு கட்டம் இருக்கு சார்."

"உளுந்து?"

"அது பயறு வகைல இருக்கு சார்."

"பிறகென்ன? ஊடுபயிராகிய உளுந்து போய்விட்டது. உழவர் தெளிவாகத்தான் பேசியிருக்கிறார். நீங்கள்தான் நடுவில் வீடு கட்டுகிறீர்கள்."

ஜோஸ்லின் என் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்களுக்கும் அந்தப் பக்கம் ராசிபுரந்தானே? அவங்க என்ன சொல்றாங்கன்னு நீங்களே சொல்லுங்க."

அவை என்னை நோக்கியது. கற்றோர் அவையில் செவியை நம்புவது முறையன்று. பையிலிருந்து அகராதியை எடுத்துப் படித்தேன்: "ஊடு என்பது இடை, நடு. உளுந்து என்பது ஒருவகைப் பயறு." ஊடு இல்லத்தைக் குறிக்கும் என்றோ, உளுந்தால் அது தரைமட்டமாகும் என்றோ அதில் எவரும் அச்சிட்டிருக்கவில்லை. அச்சேறாத பொருளை அவையில் உரைப்பது படித்தவர்க்கு அழகாகாது.

அவை கைதட்டியது. எனக்கு அன்றே 'மொழி வல்லுநர்' என்னும் அடைமொழி வழங்கப்பட்டது. ஜோஸ்லின் மட்டும் அமரவில்லை.

"மறுபடி மழை வந்தா அவங்க எங்க சார் போவாங்க?"

"அது காலநிலைப் பிரிவு," என்றார் இயக்குநர்.

அறுபது பக்க அறிக்கை வெளியாயிற்று. அடுத்த வாரமே நாங்கள் அனைவரும் நாமகிரிப்பேட்டைக்குச் சென்று, புகைப்படக்காரர் முன்னிலையில், மாரக்காளிடம் ஐந்து கிலோ விதை உளுந்தை வழங்கினோம். முந்தைய நாள் மழையில் தார்ப்பாய் கிழிந்திருந்தது. பையை எங்கே வைப்பதென்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நனையாத இடம் ஏதும் இல்லாமையால் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"இதுக்குத்தானுங்களா அத்தனை கேள்வி கேட்டீங்க?" என்றார்.

'பயனாளி நெகிழ்ந்தார்' என்று படிவத்தில் குறித்தேன்.

குறித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஊடு எங்கீங்க சாமி?"

"ராசிபுரத்துலீங்க."

"இந்த மழைக்கு உளுந்துருச்சுங்களா?"

"இல்லீங்க. போன வருசந்தான் தளம் போட்டதுங்க."

அகராதி என் பையில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்கும் தேவை ஏற்படவில்லை.