சீஸ் வாசம் அடித்த சாட்சி

பெட்டி சீஸ் வாசம் அடித்தது.

ஃபென்யா இன்னொரு முறை முகர்ந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை. அம்மாவைத் தவிர வீட்டில் யாரும் தொடாத அந்தப் பழைய சீஸ்தான். கோர்ட் அனுப்பிய நிபுணர் தன் கையாலேயே ஃபென்யாவின் அறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டி அது. ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் சீஸைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தால் வேறு என்ன வாசம் வரும்?

"ஸ்கூலுக்கு நேரமாச்சு! அங்க என்னடி பண்றே?" சமையலறையிலிருந்து அம்மா கெசாவின் குரல்.

"தலை வாரிக்கிட்டிருக்கேம்மா!"

பதினாறு வயதில் கோர்ட்டை ஏமாற்றினால் ஜெயிலா, சிறுவர் சீர்திருத்தப் பள்ளியா என்று அவளுக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

எல்லாம் வீட்டுக்காரர் லோரென்சனால் வந்தது. ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று அம்மா வாடகையைக் குறைத்துக் கொடுத்தாள். "என் பாய்லர் சிங்கம் மாதிரி இருக்கு, இவங்கதான் வம்பு புடிச்சவங்க, காலி பண்ணச் சொல்லுங்க" என்று அவர் வழக்குப் போட்டார். நீதிபதி இரண்டு பேரையும் நம்பவில்லை. ஹஸும் என்ற அந்த ஊரிலேயே கறாரானவர் என்று பேர் வாங்கிய ஹீட்டிங் எஞ்சினியர் ப்ரூன்ஸ் அம்மாளை அனுப்பிவைத்தார்.

"நீங்க யாரும் எங்கிட்ட பேச வேண்டாம்" என்று வந்ததுமே சொல்லிவிட்டார் ப்ரூன்ஸ். "ரெண்டு வாரம் இந்தப் பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரூம் சூட்டை எழுதிக்கும். அது சொல்றதுதான் சாட்சி."

அறை சூடாக இருந்தது என்று பெட்டி சொல்லிவிட்டால் வீடு போச்சு.

அப்படியிருக்க, நேற்று ராத்திரி அவள் அறைக்குச் சூடு தரும் ரேடியேட்டர் களகளவென்று சத்தம் போட்டது. குளிர்காலம் தொடங்கியதிலிருந்து செத்துக் கிடந்தது அது. ஃபென்யா தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு! 'பெட்டி மாட்டின சேதி தெரிஞ்சு பாய்லரை முடுக்கிட்டான் கிழவன்!' யோசிக்கவே இல்லை. பெட்டியைப் பிடுங்கிக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, தலைக்குக் குல்லாவும் மேலுக்கு இரண்டு ரஜாயுமாகப் படுத்துவிட்டாள். காலையில் பார்த்தால் ரேடியேட்டர் பழையபடி ஐஸ்.

இப்போது இந்த நாற்றம்.

பாத்திரம் கழுவும் சோப்பை ஈரத்துணியில் தொட்டுத் துடைத்தாள். நாற்றம் குறைந்தது, பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. பதறிப்போய் ஹேர் ட்ரையரை எடுத்து எல்லாப் பக்கமும் காயவைத்தாள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் உறைத்தது, சனியன் எழுதிக்கொண்டல்லவா இருக்கிறது!

ஜன்னலை விரியத் திறந்து, பெட்டியைப் பிடித்த கையைப் பனியில் நீட்டினாள்.

கீழே லோரென்சன் நடைபாதைப் பனியை வழித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"என்ன பொண்ணே, ஜன்னல்ல தொங்குறே?"

"கா... காத்தோட்டம் விடறேன்!"

"அப்படிப் போடு! ஜன்னலை முழுசாத் தொறக்கணும், பாதியா சாய்ச்சு வைக்கக் கூடாது. வாடகை ஒப்பந்தத்துலயே இருக்கு. காத்தோட்டம் இல்லாமத்தான் உங்க வீட்டுல பூஞ்சை புடிக்குது!"

"அது உங்க சுவரு ஊறிப்போனதால!" என்று கத்திவிட்டு ஜன்னலை அறைந்து மூடினாள். பயத்திலும் அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

பெட்டி திரும்பச் சுவரில் ஏறியது. மிச்சமிருந்த நாளெல்லாம் அவள் அதைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

கணக்குப் பார்க்கும் நாள் வந்தது. சமையலறையில் ஓவன் அடுப்பின் கதவைத் திறந்துபோட்டு அம்மா குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். வீட்டில் மனுஷர் உட்காரக்கூடிய ஒரே இடம் அதுதான். ப்ரூன்ஸ் பெட்டியை லேப்டாப்பில் சொருகினார். மூக்கைச் சுளித்து எதையோ முகர்ந்தார். பிறகு திரைப் பக்கம் திரும்பினார்.

லோரென்சன் கோட்டுப் பித்தானைக் கழற்றாமலே உட்கார்ந்தார். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஜனவரியிலும் பனியனோட திரியணும். ஒரு ஸ்வெட்டர் போட்டா என்ன கேடு?"

"மூணு போட்டிருக்கேன்" என்றாள் ஃபென்யா. "பரீட்சைக்குக் கையுறை மாட்டிக்கிட்டுப் படிச்சேன். பக்கம் புரட்டறதுக்கு மூக்கைத்தான் வெச்சுக்கிட்டேன்."

"உங்க கோட்டைக் கழட்டுங்களேன் சார், சூடான வீடுதானே" என்றாள் அம்மா.

அவர் கழற்றவில்லை.

"இது என்ன?" ப்ரூன்ஸின் விரல் திரையில் நின்றது. "புதன்கிழமை காலைல நாப்பத்தோரு டிகிரி."

"பார்த்தீங்களா!" லோரென்சன் எழுந்தே விட்டார். "என் பாய்லர்!"

"நாப்பத்தோரு டிகிரிக்கு உங்க பாய்லர் போனா வீடே வெடிச்சிருக்கும், உட்காருங்க." ப்ரூன்ஸ் ஃபென்யாவின் நீளமான தலைமுடியைப் பார்த்தார். "ஹேர் ட்ரையரா?"

ஃபென்யா தலையாட்டினாள். அது பொய்யுமில்லை.

"எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். ஆனா அடுத்த பதிவுலயே மைனஸ் நாலு. இது எப்படி?"



"அதுக்கு நான் சாட்சி!" என்றார் லோரென்சன், விட்டுக்கொடுக்காமல். "காத்தோட்டம் விட்டா. நானே கீழேயிருந்து பார்த்தேன். அதை ஒண்ணைத்தான் இந்த வீட்டுல ஒழுங்காச் செய்யறாங்க."

"நல்லது, எழுதிக்கறேன்" என்றார் ப்ரூன்ஸ்.

அவர் விரல் திரையில் பின்னோக்கி நகர்ந்தது. காலையிலிருந்து முந்தின ராத்திரிக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமை ஃப்ரிட்ஜ் ராத்திரிக்கு. வரைபடக் கோட்டின் நடுவில் ஒரு பள்ளம் தெரியும், ப்ரூன்ஸ் கண்டுபிடிப்பார், வழக்கே பொய் என்று எழுதுவார். அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. அவளைப் போய் ஏமாற்றுக்காரி என்பார்கள். விடக் கூடாது. என்ன ஆனாலும் சரி, நான்தான் செய்தேன், உங்க வீடு குளிர்தான், அப்படித்தான் செய்வேன் என்று இந்த லோரென்சன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். ஃபென்யா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும்."

"இரும்மா, நானே முதல்ல ஒண்ணு கேட்டுக்கறேன்." ப்ரூன்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். "லோரென்சன் சார், நீங்க தோத்தாச்சு. ரெண்டு வாரத்துல இந்த ரூம் எந்த ராத்திரியும் அஞ்சு டிகிரியைத் தாண்டவே இல்ல. அந்த ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும்தான் ராத்திரி பூரா எட்டு டிகிரி, விடியற வரைக்கும் அசையாம நிக்குது." அவர் ஃபென்யாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, அன்னைக்கு மட்டும் உன் ரூம் எப்படி அவ்வளவு சூடா இருந்துச்சு?"