அக்காவின் புகாரை நான் வாபஸ் வாங்கியது

ஸ்ரீரங்கம்,
வியாழன் இரவு

அன்புள்ள வரது சித்தப்பாவுக்கு, ஜாஹ்னவி சேவித்து எழுதுவது. இங்கே அனைவரும் க்ஷேமம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். ஆனால் அதை நம்ப வேண்டாம். அங்கே நீங்களும் சித்தியும் க்ஷேமமா? இந்தக் கடிதத்தைச் சித்தி எதிரில் பிரிக்காதீர்கள். சித்தி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் சித்தி அம்மாவிடம் எதையும் மறைக்கமாட்டாள். போன் செய்யலாம் என்றால் அது அப்பாவின் போன், பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். அதனால்தான் குளியலறையில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு வாளிதான் காரணம். கொஞ்சம் பயமும்.

உங்கள் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரவிந்தவல்லி அக்கா சட்டம் படித்து முடித்ததும், தென்னூர் தர்மராஜ் வக்கீலிடம் ஜூனியராகச் சேர்த்துவிட்டது நீங்கள்தான். "தங்கமான மனுஷன், என்னோட காலேஜ்ல படிச்சவன், நம்ம பொண்ணைத் தன் பொண்ணு மாதிரி பார்த்துப்பான்" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னீர்கள். அவர் தன் பெண்ணை எப்படிப் பார்த்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியாது. அக்காவை அவர் பார்த்துக்கொள்வது இப்படி: வழக்குக் காகிதக் கட்டில் ஒரு தாள் முன்பின்னாக இருந்தால் கட்டையே தரையில் வீசுவார். அக்கா குனிந்து பொறுக்க வேண்டும். கட்சிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். "இந்தப் பொண்ணு கோயில் வாசல்ல சுண்டல் குடுக்கத்தான் லாயக்கு, கோர்ட்டுக்கு ஏன் வருதுன்னு தெரியல" என்பார். அவர்களும் சிரிப்பார்கள், வழக்கு அவர் கையில் இருக்கிறதே. போன மாதம் அவர் மருங்காபுரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, தனக்குக் காய்ச்சல் என்று ஜட்ஜிடம் சொல்லி வாய்தா வாங்கச் சொன்னார். சீனியருக்குக் காய்ச்சல் என்று நின்று சொல்வது ஜூனியர்களின் வேலையாம். அக்காவும் சொன்னாள். எதிர்க்கட்சி வக்கீல் போனைத் தூக்கிக் காட்டினார், அதில் தர்மராஜ் சார் பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். திட்டு முழுக்க அக்காவுக்கு. திரும்பி வந்தால் அவரிடமும் திட்டு: "ஒரு பொய்யைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியாதா உனக்கு?"

எங்கேயாவது புகார் சொல்லக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அக்காவுக்கு முன்னால் அங்கே ஜூனியராக இருந்த பவித்ரா, வக்கீல்கள் சங்கத்தில் ஒருவரிடம் ரகசியமாகச் சொன்னாராம். காலையில் சொன்னது சாயங்காலம் தர்மராஜ் சாருக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஒருவரும் இவரும் தினமும் ஒன்றாகக் காபி குடிப்பவர்கள். அதற்குப் பிறகு பவித்ராவை வேறு எந்தச் சீனியரும் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது புத்தூரில் டியூஷன் எடுக்கிறார். அன்றிலிருந்து யார் காபி குடித்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் சித்தப்பா, பத்து நாளாக அக்கா மொட்டை மாடிக்குப் போய்ப் போனில் கிசுகிசுவென்று பேச ஆரம்பித்தாள். காதல் என்று நினைத்து மாடிப்படியில் நின்று கேட்டேன். "மேடம், பேரு வெளியில வராதில்லையா? நான் சரின்னு சொன்னாத்தானே மேல போகும்?" என்றாள். காதலில் இப்படிக் கேட்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு நச்சரித்துத் தெரிந்துகொண்டேன். வக்கீல்களுக்கென்றே வெளியூரில் ஒரு உதவி மையம் இருக்கிறதாம். அங்கே ஷரபுன்னிசா என்று ஒரு மேடம். முதலில் நாம் சொல்வதைக் கேட்பார்கள், எந்தெந்த இடத்தில் புகார் கொடுக்கலாம், கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்வார்கள், கொடுப்பதா வேண்டாமா என்பது நம் இஷ்டம். அக்கா கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டாள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. காசு வாங்காமல் ஒருவர் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார் என்றால் யாருக்காகக் கேட்கிறார்?

இன்று காலை அக்கா குளிக்கும்போது அவள் போன் அடித்தது. எடுத்தேன். "அரவிந்தவல்லியா? இப்ப பேசறதுக்கு உங்களுக்குச் சௌகரியமா?" என்றது ஒரு குரல். நீங்களே சொல்லுங்கள், நம் ஊரில் யாராவது போன் செய்துவிட்டுச் சௌகரியமா என்று கேட்டிருக்கிறார்களா? அடுத்து, "பக்கத்துல யாராவது இருக்காங்களா?" கடத்திக்கொண்டு போகிறவன்கூட இதைத்தான் கேட்பான். இது தர்மராஜ் சார் வைத்த ஆள், வேவு பார்க்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உடனே அக்கா குரலில், "எங்க சார் மாதிரி தங்கமான மனுஷர் கிடையாது, அதிர்ந்தே பேசமாட்டார், கேஸ் கட்டையெல்லாம் எறியவே மாட்டார், பூ மாதிரி கையில வெப்பார்" என்றேன். "கட்டை எறிஞ்சாரான்னு நான் கேக்கவே இல்லையேம்மா" என்றது குரல். "புகாரெல்லாம் வாபஸ், இனிமே கூப்பிடாதீங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அழைப்பு வந்த அடையாளத்தையும் அழித்துவிட்டேன்.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "போன் வந்துதாடி? மேடம் எட்டு மணிக்குப் பண்றேன்னா" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறும்போதும் போனைக் கையில் பிடித்துக்கொண்டேதான் போனாள். சாயங்காலம் வந்து கறுப்பு கோட்டை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். "அவாளும் கைவிட்டுட்டா போலருக்கு. இனிமே யார்கிட்ட போய்ச் சொல்றது? வக்கீல் தொழிலே வேண்டாம், நாளைக்குப் பேங்க் பரீட்சைக்குப் பணம் கட்டிடறேன்" என்றாள். அப்பா, "அதுவும் நல்லதுதான்" என்றார். நான் வாயில் தயிர்சாதத்தை அடைத்துக்கொண்டேன்.

எனவே சித்தப்பா, நீங்கள்தான் அந்த மேடத்தைக் கண்டுபிடித்து, வாபஸ் வாங்கியது பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு முட்டாள் என்று சொல்ல வேண்டும். ஆனால் வழக்கம்போல, "நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசிடறேன்" என்று தர்மராஜ் சாருக்குப் போன் போட்டுவிடாதீர்கள். அப்படி யாரோ பேசிய ஒரு வார்த்தையில்தான் பவித்ராவின் வேலை போயிற்று. அவர் வீட்டு விசேஷத்தில் நீங்கள் அவர் தோளில் கை போட்டுச் சிரிக்கும் போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். சிரிப்பு உண்மையானதாகத்தான் தெரிகிறது. அதனால் உங்களை முழுதாக நம்பவில்லை. ஆனால் எனக்கு வேறு சித்தப்பா இல்லை.

சித்திக்கு என் நமஸ்காரம். ரங்கநாதர் உங்களுக்கு நல்ல புத்தியும் வாய் அடக்கமும் அருள வேண்டும் என்று பிரார்த்திக்கும்,
ஜாஹ்னவி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம், நமஸ்காரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் கதவைத் தட்டி அக்கா கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டாள். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மேடத்திடமிருந்து அவளுக்குச் செய்தி வந்ததாம்: "காலையில் உங்கள் வீட்டில் பயந்துபோன ஒரு குழந்தை பேசியது, திட்டாதீர்கள். நீங்களே சொன்னாலொழிய எதுவும் வாபஸ் ஆகாது." அந்த மையத்தின் நம்பரை அக்காவுக்குக் கொடுத்ததே நீங்கள்தானாம். தெரியாமல் தர்மராஜிடம் சேர்த்துவிட்டேன் என்று அவளிடம் போனில் அழுதீர்களாம். நாளைக்கு மேடத்தைப் பார்க்கப் போகும்போது துணைக்கு வருவதற்காக இப்போது மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருக்கிறீர்களாம். கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன், அக்கா விடமாட்டேன் என்கிறாள். காலையில் நீங்கள் வந்ததும் காபியோடு சேர்த்து உங்கள் கையிலேயே கொடுக்கப் போகிறாளாம். எனக்கு நாளைக்கு விடியற்காலையிலேயே ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது. இல்லாவிட்டாலும் இருக்கிறது.