எதிராளி கிடைக்காத சாம்பியன்

ஐந்து வருஷம் தொடர்ந்து குத்துச்சண்டை சாம்பியனாக இருந்து, ஒரு குத்து விடாமல், ஒரு குத்து வாங்காமல், ஐந்து தங்கப் பதக்கம் கழுத்தில் போட்டுக்கொண்ட மனிதன் உலகத்திலேயே ஒருத்தன்தான். அவன் மண்டபத்தூர்க்காரன். பேர் இடி. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால், "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று அவன் பெண்டாட்டி செல்வியே சொல்லி அனுப்பிவிடுவாள்.

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் தூக்குகிற வேலை அவனுக்கு. ஐஸ் பாளத்தைப் பார் என்பார்கள். ஒரு பாரை இரண்டு பேர் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். இவன் தோளில் ஈரச் சாக்கைப் போட்டு, அதன்மேல் பாரை ஏற்றிக்கொண்டு, பீடி குடித்துக்கொண்டே நடப்பான். ஆளே நூற்றிப் பத்து கிலோ. "ஆளா இது, அரை லோடுல்ல" என்பார்கள் விசைப்படகு லாஞ்சுக்காரர்கள்.

நான் பேனர் கடைக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருத்தரை ஒருத்தர் மன்னித்து விட்டுவிட்டோம். மாங்கனித் திருவிழா, சனிப்பெயர்ச்சி, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று அடித்தடித்தே தமிழ் பழகினேன். இடியை இடி ஆக்கியவன் நான்தான். அதனால் இந்தக் கதையில் குற்றவாளி யார் என்று நீங்கள் தேட வேண்டியதில்லை.

முதல் பதக்கம் வந்த விதம் இது. துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவன் ஒருத்தன் புதுச்சேரிக்குக் குத்துச்சண்டைப் போட்டிக்குப் போனான். துணைக்கு இடியும் போனான். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் துணைக்கு வந்தவனையே ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்க எடை என்ன?"

"நூத்திப் பத்துங்க."

"வயசு?"

"முப்பத்தி நாலு. ஏங்க, நான் சும்மா பை தூக்கிக்கிட்டு வந்தவன்."

"ஹெவிவெயிட்டுல ஆளே இல்லைங்க. பேரக் கொடுங்க."

கொடுத்தான். யாரோ கழற்றிப் போட்ட கையுறையை மாட்டிவிட்டு ரிங்கில் ஏற்றினார்கள். எதிர் மூலை காலி. மணி அடித்தது. நடுவர் இவன் கையைப் பிடித்துத் தூக்கினார். அவ்வளவுதான், தங்கப் பதக்கம். எதிராளி வராவிட்டால் நிற்கிறவன் ஜெயித்தவன், சட்டம் அப்படி. சின்ன யூனியன் பிரதேசம், நூறு கிலோவுக்கு மேலே இருக்கிறவர்கள் எல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் வந்து அடிபடுவது? பை தூக்கப் போனவன் பதக்கத்தோடு வந்தான். சண்டை போடப் போனவன் உதடு கிழிந்து, இவன் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே பஸ்ஸில் வந்தான்.

மறுநாள் மண்டபத்தூர் ஆட்கள் ஏழெட்டுப் பேர் என் கடைக்கு வந்துவிட்டார்கள். இருபதடி பேனர். நான் சும்மா இருப்பேனா? பின்னால் மின்னல், ஒரு பக்கம் சிங்கம், இன்னொரு பக்கம் சுனாமி மாதிரி ஒரு அலை. வயிற்றைக் கம்ப்யூட்டரில் பாதியாக இழைத்தேன். "வங்கக் கடலை வாய்பொத்த வைத்த காரைக்கால் இடி" என்று எழுதினேன். செல்வி வந்து நின்று பார்த்தாள்.

"இது யாருண்ணே?"

"உன் வீட்டுக்காரரும்மா."

"அப்ப வீட்ல படுத்துருக்கிறது யாரு?"

இடிக்குத்தான் அது சிரிப்பாக இல்லை. அன்று சாயங்காலம் தனியாக வந்தான். "சும்மா வாங்கிட்டு வந்துட்டேன்ண்ணே. அடுத்த வருசத்துக்குள்ள நெசமாக் கத்துக்கிடணும்" என்றான்.

சொன்னதைச் செய்தான். லாஞ்சுகள் ஒன்றோடொன்று மோதாமலிருக்கப் பக்கவாட்டில் பழைய டயர் தொங்கவிட்டிருப்பார்கள். வேலைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து அந்த டயர்களைக் குத்துவான். போனில் வீடியோ பார்த்துக் கால் வைக்கிற விதம் பழகினான். ஒரு லாஞ்சில் ஆரம்பித்தால் வரிசையாக அத்தனை லாஞ்சையும் முடித்துவிட்டுத்தான் ஐஸ் தூக்கப் போவான். "எங்க போட்டு என்னப்பா பாவம் பண்ணிச்சு?" என்பார் படகை ஓட்டுகிற தண்டல் ஒருத்தர். "கரையில நின்னா எல்லாரும் மாலுமிதான், கடல்ல இறங்குடா" என்பார் இன்னொருத்தர். அது அவனுக்குச் சுருக்கென்று இருக்கும். ஏனென்றால் இறங்கக் கடல் இல்லை.

இரண்டாவது வருஷமும் எதிர் மூலை காலி. மூன்றாவது வருஷம் உள்ளூர் யூடியூப் சேனல்காரர் ஒருத்தர் வந்து சேர்ந்தார். அவரை ஊரில் மைக் என்றுதான் சொல்வோம், தூங்கும்போதும் அது கையில் இருக்கும் என்று கேள்வி. "இடி ஐஸ் பாரை ஒரே குத்துல உடைக்கணும்" என்றார்.

"ஐஸு எனக்குச் சோறு போடுதுங்க. அதப் போயி குத்தச் சொல்றீங்களே."

"மக்கள் எதிர்பாக்குறாங்க தம்பி."

மக்கள் எதிர்பார்த்ததற்காக நானும் மைக்கும் சேர்ந்து ஐஸ் பாரை நடுவில் ரம்பம் போட்டு அறுத்து, உப்பு தடவி, வெயிலில் வைத்தோம். இடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். குத்தினான். இரண்டாகப் போய் விழுந்தது. மைக் கத்திய கத்தலில் துறைமுகத்துக் காக்காயெல்லாம் திருநள்ளாறு பக்கம் போய்விட்டன. ஊரே பார்த்தது. பிரான்சில் இருக்கிற நம்மூர் ஆட்களெல்லாம் பார்த்துவிட்டுப் போன் போட்டார்கள். ஒருத்தர் அங்கிருந்து ஒரு ஜோடி அசல் கையுறையே கொடுத்தனுப்பினார்.

அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு எதிராளி பேர் கொடுத்திருந்தார். அரிசி மண்டிக்காரர், நல்ல கனம். இடிக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை, அத்தனை சந்தோஷம். எடை பார்க்கிற இடத்தில் மண்டிக்காரர் பக்கத்தில் நின்ற யாரோ போனை நீட்டி அந்த ஐஸ் வீடியோவைக் காட்டினார்கள். மண்டிக்காரர் ஒருதரம் பார்த்தார். இன்னொருதரம் பார்த்தார். "வயித்தக் கலக்குது, தோ வர்றேன்" என்று கொல்லைப் பக்கம் போனவர், மதிலேறிக் குதித்து பஸ் பிடித்துவிட்டார். அத்தனை கனத்தை வைத்துக்கொண்டு அந்த மதிலை எப்படித் தாண்டினார் என்பது இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நான்காவது வருஷம் இரண்டு பேர் பேர் கொடுத்தார்கள், இரண்டு பேரும் வரவில்லை. ஐந்தாவது வருஷம் பேரே வரவில்லை. அகில இந்தியப் போட்டிக்கு அனுப்புங்கள் என்று கேட்டால், "நீங்க இதுவரைக்கும் சண்டையே போட்டதில்லியே, அடுத்த தடவ பாப்போம்" என்றார்கள். பதக்கத்தைக் கொடுத்ததும் அவர்கள்தான், சண்டை போடவில்லை என்றதும் அவர்கள்தான். "மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கிற மாதிரி ஆயிட்டாரு இவரு" என்றாள் செல்வி.

ஐந்தாவது பதக்கத்தோடு நேராக என் கடைக்கு வந்தான். நான் புதுப் பேனருக்குப் புலியைத் தேடிக்கொண்டிருந்தேன், சிங்கம் பழசாகிவிட்டது. பதக்கத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"அண்ணே, அஞ்சு வருசமா என்னைய ரிங்குக்குள்ள சண்டை போட விடாம ஒருத்தர் தடுத்துக்கிட்டு நிக்கிறாரு. யாரு தெரியுமா?"

"யாருடா?"

"நீங்கதான். எனக்கு இருக்கிற ஒரே எதிராளி நீங்கதான்ண்ணே."

கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வரும் வருஷம் அவனுக்கு முப்பத்தொன்பது; நாற்பது ஆகிவிட்டால் ரிங்கில் ஏற விடமாட்டார்கள். இன்னும் ஒரே ஒரு போட்டி. "நான் நெசமாவே பாக்ஸர்தானா, இல்ல ஐஸ் தூக்குறவன் கழுத்துல மாட்டின தகரமா, அது எனக்குத் தெரியணும். ஜெயிக்க வேணாம். ஒருத்தன் வந்து நிக்கணும், அவ்வளவுதான்" என்றான்.

அதனால் என் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையை மட்டும் வைத்து ஒரு பேனர் அடித்தேன். சிங்கம் இல்லை, மின்னல் இல்லை, வயிறு முழுசாக இருந்தது. "மண்டபத்தூர் இடி இதுவரை ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. வீடியோவில் உடைத்தது முன்பே அறுத்து வைத்த ஐஸ். வயது முப்பத்தொன்பது. சீக்கிரம் மூச்சு வாங்கும். தைரியமாக வரலாம்."

மறுநாள் காலை என் கடை ஷட்டர் முழுக்கச் சாணி. எவனோ புதுச்சேரிக்காரன் காசு கொடுத்து நம்ம வீரனை அசிங்கப்படுத்திவிட்டான் என்று ஊரே கொதித்தது. மைக் "இடியைச் சீண்டிய துரோகி யார்?" என்று ஒரு வீடியோ போட்டார். அதில் துரோகியின் கடையை, அதாவது என் கடையை, மூன்று கோணத்தில் காட்டினார். இடி மட்டும் வாளியும் விளக்குமாறும் எடுத்துக்கொண்டு வந்து ஷட்டரைக் கழுவினான். "நல்லா எழுதிருக்கீங்கண்ணே" என்றான்.

எதிராளி கிடைத்துவிட்டான். இருபத்தி மூன்று வயசுப் பையன், வெளியூரில் வளர்ந்து, முறையாகப் பயிற்சி எடுத்து, நாற்பது சண்டை போட்டவன். போட்டி அந்த வருஷம் காரைக்காலிலேயே, ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடை இருக்கிற இடத்தில் நடுவர்கள், பந்தி போடுகிற இடத்தில் எடை பார்ப்பது. கோச் என்று என் பேரை எழுதிக் கொடுத்திருந்தான். எனக்குக் குத்துச்சண்டையில் தெரிந்ததெல்லாம், கோச் தோளில் ஒரு துண்டு இருக்கும், ஆள் தாங்கமாட்டான் என்றால் அதை ரிங்குக்குள் எறிந்து சண்டையை நிறுத்திவிடலாம் என்பதுதான்.

வாசலில் செல்வி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அவரு ஆசை அவருக்கு. நான் குறுக்க நிக்கல. முடியலன்னு தெரிஞ்சா நீங்க துண்ட எறிஞ்சிடுங்கண்ணே. எனக்காவ."

உள்ளே கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தவன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். "அவ சொன்னாளா? துண்டுல கைய வச்சீங்க, அதோட நம்ம பழக்கம் முடிஞ்சிச்சு. உரலுக்குள்ள தலைய விட்டாச்சு, உலக்கைக்கு இனிமே பயந்தா ஆவாதுண்ணே."

மணி அடித்தது. எதிர் மூலையிலிருந்து நிஜமாகவே ஒரு ஆள் நடந்து வந்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவை. இடி சிரித்தான். சண்டைக்கு நடுவில் அப்படிச் சிரிக்கக்கூடாது என்று எனக்கே தெரியும். அந்தச் சிரிப்பின்மேல்தான் முதல் குத்து விழுந்தது. விழுந்தான்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "ஆனை படுத்தாலும் குதிர மட்டம்டா! எந்திரி!" எழுந்தான். டயர் திருப்பி அடிக்காது. அது அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பையன் கெட்டவன் இல்லை, வேலையைச் சுத்தமாகச் செய்தான். இடியின் குத்தெல்லாம் அவன் ஏற்கெனவே நகர்ந்துவிட்ட இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது ரவுண்டில் தாடை கிழிந்தது. ஊர்க்காரர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். "இதுக்கா பால் ஊத்துனோம் பேனருக்கு?" என்றான் ஒருத்தன். மைக் கேமராவை மூடிவிட்டார்.

மூலையில் வந்து உட்கார்ந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். "என்னைப் பாருடா. எத்தனை விரல்?" என்றேன்.

"நீங்க நல்லா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டான்.

அப்போது எறிந்திருக்க வேண்டும். துண்டு கையில்தான் இருந்தது. வாசல் பக்கம் செல்வி நிற்கிறாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. இவனுடைய ஐந்து வருஷத்தை நான் எடுத்துக்கொண்டேன், இந்த மூன்று நிமிஷத்தையும் எடுத்துக்கொள்வதா என்று நினைத்தேன். எறியவில்லை.

மூன்றாவது ரவுண்டில் அவன் விழவே இல்லை. கடைசியில் ஒரே ஒரு குத்து, வலது கை, அந்தப் பையன் விலாவில் போய் இறங்கியது. டயரைக் குத்துகிற அதே சத்தம். பையன் இரண்டடி பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தான். அப்புறம் மணி. ஐந்து நடுவரும் பையன் பக்கம். தோற்றவன் பையனைக் கட்டிப் பிடித்து, "வந்ததுக்கு ரொம்ப நன்றி தம்பி" என்றான், கல்யாணத்துக்கு வந்தவரை வாசலில் வழியனுப்புவதுபோல.

உடுப்பு மாற்றும்போது தலை வலிக்கிறது என்றான். அப்புறம் பேச்சு குழறியது. மண்டைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. காரைக்காலில் முதலுதவி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் வெளியூர் பெரிய ஆஸ்பத்திரி. மண்டையைத் திறந்தார்கள். பதினோரு நாள் கண் திறக்கவில்லை. வராந்தாவில் செல்வி என்னைத் திட்டவில்லை, அழவில்லை. "நீங்க எறிஞ்சிருக்கலாம்ண்ணே" என்றாள். அப்புறம் ஒரு வருஷம் என்னிடம் பேசவில்லை.

பிழைத்துவிட்டான். வலது கை வரவில்லை. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வருகிறது. ஐஸ் வேலை போயிற்று. செல்வி மீன் கூடை தூக்குகிறாள். தெருவில் போகிற எவனாவது, "என்ன இடி, பேனருக்குத் தகுந்த ஆளா நீ?" என்று இப்போதும் வம்பிழுப்பான். அவன் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்வான்: "இல்ல. தோத்துட்டேன். மூணு ரவுண்டு." அந்த "மூணு ரவுண்டு" என்கிறபோது முகத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து தங்கத்தையும் அவன் இதுவரை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

ஒருநாள் அவன் வீட்டில் மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "எறிஞ்சிருக்கணுமாடா நான்?"

வார்த்தை சேர நேரமாயிற்று. "எறிஞ்சிருந்தா... உங்கள... குத்திருப்பேன்."

"நல்லவேளை, எறியல" என்றேன். அடுப்படியில் செல்வி சிரித்தாள். சிரித்துவிட்டு வெகுநேரம் மூக்கை உறிஞ்சினாள். எது சரி என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவனுக்குத் தெரியும், ஆனால் அவன் சொல்வதை வைத்து நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

இடது கையால் சவரம் பண்ண அவனுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் போய்ச் செய்துவிடுகிறேன். "அண்ணே, மெதுவா" என்று ஒருநாளும் சொன்னதில்லை. தாடையில் தையல் போட்ட அந்த இடம் வரும்போது மட்டும், யாரும் சொல்லாமலே, என் கை மூச்சைப் பிடித்துக்கொண்டு போகிறது.