நாற்காலி இருக்கிறது, தாய்மாமன் இல்லை

என் அக்காவின் நிச்சயதார்த்தப் பட்டியலிலிருந்து எங்கள் தாய்மாமனின் பெயரைச் சிவப்பு மையால் கோடு போட்டு நீக்கியவன் நான்தான். இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது இதுவே முதல் முறை. (வாயால் ஒப்புக்கொண்டதற்குக் கணக்கே இல்லை. எங்கள் வீட்டு விசேஷங்களில் காபி வருவதற்கு முன்பே அந்தச் சடங்கு முடிந்துவிடும்.) மாமா மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. ஒரு பாடப்புத்தகம் சொன்னது, நான் செய்தேன். புத்தகத்தில் இருப்பதை அப்படியே நம்புகிற ரகம் நான்.

அப்போது சிதம்பரத்தில் எம்.சி.ஏ. இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு கடலூர் செம்மண்டலத்தில். அந்த வருடப் பாடங்களில் ஒன்று ஆப்ஜெக்ட் ஓரியன்டட் அனாலிசிஸ் அண்ட் டிசைன். மென்பொருள் எழுத உட்காருவதற்கு முன்னால், அது எந்த இடத்துக்காகவோ அந்த இடத்தில் என்னென்ன இருக்கின்றன, எது எதனிடம் வேலை வாங்குகிறது என்றெல்லாம் யோசித்துக் கட்டம் கட்டமாகப் படம் போட்டுக்கொள்கிற வித்தை அது. முப்பது வரிக்கு மேல் ஒரு புரோகிராம் எழுதியிராத நான், இந்த வித்தையில் மட்டும் கரைகண்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம், நூலகத்திலிருந்து எடுத்து வந்த தலையணைப் புத்தகம் ஒன்று. அதை நான் இரண்டு முறை படித்திருந்தேன். (தலையணையாகப் பயன்படுத்தியது தனி.)

ஒரே ஒரு குறை. அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் உதாரணம் ஏ.டி.எம். இயந்திரம்தான். வகுப்பில் எல்லோரும் அதையே திருப்பித் திருப்பி எழுதிக் கொடுத்ததில் எங்கள் மேடம் வெறுத்துப்போனார்.

"இந்த அசைன்மென்ட்ல ஏ.டி.எம். வேணாம், லைப்ரரி வேணாம், ரயில் டிக்கெட்டும் வேணாம். அவங்கவங்க வீட்ல நடக்குற எதையாவது ஒண்ண எடுத்துப் பண்ணிட்டு வாங்க."

வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்தது அக்காவின் நிச்சயதார்த்த ஏற்பாடு. மாப்பிள்ளை சிதம்பரத்துக்காரர். அக்காவுக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. அதற்கு முன் வந்த நான்கு ஜாதகங்களுக்கும் உதட்டைப் பிதுக்கியவள், இவர் போட்டோவைப் பார்த்ததும் போன் சார்ஜரைத் தேடுவது போல உள்ளே போய்விட்டாள். அத்தனை சுலபமாக அமைந்த சம்பந்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதினேன். யாரை அழைக்க வேண்டும், என்ன வாங்க வேண்டும், எல்லாம் ஒரே பட்டியல். அம்மாவின் வாயில் ஆளும் பொருளும் கலந்துதான் வரும். நெல்லிக்குப்பம் மாமா, சேத்தியாத்தோப்பு சித்தி, நாற்காலி, தாம்பூலத் தட்டு, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள், ஐஸ்கிரீம் என்று ஓடியது. விசேஷமே அவளுக்குத்தானே என்று பட்டியலின் தலையில் 'பெண்' என்று அக்காவையும் சேர்த்துக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்தபோது எனக்குப் புல்லரித்தது. புத்தகம் சொன்ன முதல் படி அப்படியே கையில் இருந்தது. விஷயத்தை விவரித்து எழுது, அதில் வரும் பெயர்ச்சொற்களையெல்லாம் அடிக்கோடிடு, பிறகு வேண்டாதவற்றை நீக்கு. ஒன்றைப் போலவே இன்னொன்று இருந்தால் நீக்கு. தெளிவில்லாமல் இருந்தால் நீக்கு. வேறொன்றின் பண்பு மட்டுமே என்றால் நீக்கு. ஒருவர் ஏற்கும் ரோல் மட்டுமே என்றாலும் நீக்கு. மிஞ்சுவதுதான் சாரம்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். அடுத்த பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் காரணத்தையும் எழுதினேன், அதுவும் தமிழில். (ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் என் மண்டையில் ஏறும். அன்று ஏறாமலே இருந்திருக்கலாம்.)

சேத்தியாத்தோப்பு சித்தி: அம்மாவைப் போன்றவரே. இருவரில் ஒருவர் போதும். நீக்கு.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள்: தெளிவற்றது. நீக்கு.

பெண்: நிகழ்ச்சியின் பண்பு மட்டுமே. தனியாகத் தேவையில்லை. நீக்கு.

நெல்லிக்குப்பம் மாமா: தாய்மாமன் என்பது வெறும் ரோல். இவர் இல்லாவிட்டாலும் அமைப்பு இயங்கும். நீக்கு.

நாற்காலியிடம் வந்ததும் நின்றேன். நாற்காலிக்கு எண்ணிக்கை உண்டு. நிலை உண்டு, ஒன்று காலியாக இருக்கும், இல்லாவிட்டால் ஆள் இருக்கும். செயலும் உண்டு, விரிக்கலாம், மடக்கலாம். புத்தகம் கேட்ட அத்தனை லட்சணமும் பொருந்திய ஒரே உறுப்பினர் அதுதான். 'மிக முக்கியம்' என்று எழுதி இரண்டு டிக் போட்டேன்.

சாரத்தை அசைன்மென்ட் தாளில் அழகாகப் படம் வரைந்துகொண்டேன். நோட்டை பிரிட்ஜ் மேல் வைத்தேன். மறுநாள் காலை சிதம்பரம் பஸ் ஏறிவிட்டேன். அந்த வாரம் இன்டர்னல் தேர்வு. ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அப்பா அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பைக்கில் அழைக்கக் கிளம்பியிருக்கிறார். சிவப்புக் கோடுகளைப் பார்த்து அவருக்குச் சந்தேகமே வரவில்லை என்பதுதான் இந்தக் கதையில் என்னை விடவும் வியப்பான சங்கதி. பிற்பாடு கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் இது.

"பொண்ண அடிச்சிருந்துது. சரிதான், வீட்ல இருக்கிறவளுக்கு எதுக்கு அழைப்பு? மாப்ள வூட்டுக்காரங்கள அடிச்சிருந்துது. அதுவும் சரி, அவுங்களே சேந்து நடத்துற விசேஷம். அப்ப மத்ததும் யோசிச்சுத்தான் அடிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன்."

"மாமாவ அடிச்சிருந்துதே?"

"அக்கா தம்பிக்குள்ள ஏதோ மனஸ்தாபம்னு நெனச்சேன். உங்கம்மா தம்பி விஷயத்துல நான் எதுக்கு வாயக் குடுக்கணும்?"

(அந்தக் கோட்டைப் பார்த்து அப்பாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்திருக்கும் என்பது அம்மாவின் கருத்து. அப்பா இன்றுவரை மறுக்கவில்லை.)

அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருப்போம். அப்பாவின் பங்காளி வீடு ஒன்று நெல்லிக்குப்பத்தில், மாமா வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. அப்பா போனபோது மாமா வாசலில் நின்று டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்பாவின் கையில் தட்டைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்து, உள்ளே பார்த்து அத்தையிடம் காபி போடச் சொல்லியிருக்கிறார். அப்பா தலையை மட்டும் ஆட்டிவிட்டு எதிர் வீட்டுக்குள் நுழைந்தார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். திரும்பவும் தலையை ஆட்டினார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் காபி ஆறிப்போன கதையை அத்தை இன்றும் அழகாகச் சொல்வார். அன்று சாயங்காலமே அம்மாவுக்கு அவரிடமிருந்து போன்.

"ஏன் அண்ணி, நாங்க இன்னா தப்பு பண்ணோம்? எதிர் வூட்டுக்கு அழைப்பு வெச்சவங்க எங்க வூட்டுப் படி ஏறக் கூடாதா? அவுரு சாப்புடவே இல்ல. நிச்சயத்துக்கு வர்றதா இல்லன்னுட்டாரு."

எங்கள் குடும்பத்தில் பெண்ணின் தாய்மாமன் கை வைக்காமல் நிச்சயத் தட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகாது. போனதாகச் சரித்திரமே இல்லை. தாய்மாமன் வரவில்லை என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டில் என்னவோ ஏதோ என்று கேட்பார்கள். அக்கா அன்றே படுத்துவிட்டாள். அம்மா நோட்டைத் தேடி எடுத்துப் படித்தாள். பிறகு எனக்குப் போன் வந்தது.

"நோட்டுல இன்னாடா எழுதி வெச்சிருக்க?"

"எந்த நோட்டும்மா?"

"இவர் இல்லாவிட்டாலும் அமைப்பு இயங்கும்னு எழுதியிருக்கியே, அந்த நோட்டு!"

போன் கையிலேயே இருந்தது. தரைதான் காலடியில் இல்லை.

மறுநாள் தேர்வு முடிந்த கையோடு வீடு வந்து சேர்ந்தேன். அன்று சாயங்காலமே, நிச்சயத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், அம்மா, அப்பா, நான் மூவரும் பழத் தட்டோடு நெல்லிக்குப்பம் போனோம். நான் ஒரு காரியம் செய்தேன். தலையணைப் புத்தகத்தையும் கையில் எடுத்துப் போனேன். சாட்சிக்கு! நீக்கச் சொன்னது நான் இல்லை, ஐந்தாம் அத்தியாயம் என்று நிரூபித்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று உண்மையாகவே நம்பினேன்.

மாமா கூடத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க" என்று பொதுவாகச் சொன்னார். கரும்பு வெட்டுக்கு ஆள் வந்தால் சொல்கிற "வாங்க" அது. நோட்டைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரணப் பக்கத்தை முதல் வரியிலிருந்து நிதானமாக, சத்தமாகப் படித்தார். சித்தியைப் படித்தார். அக்காவைப் படித்தார். தன்னைப் படித்தார். பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

"நாற்காலி இருக்குது மாப்ள."

"ஆமா மாமா."

"ரெண்டு டிக்கு."

"ஆமா மாமா."

"நான் இல்ல."

நான் புத்தகத்தைப் பிரித்தேன். "மாமா, இது ஆளுங்கள அடிக்கிறது இல்ல மாமா. இது ஒரு அனாலிசிஸ். தாய்மாமன்னா அது ஒரு ரோல் மட்டும்தான். அதனால..."

"ரோலுன்னா?"

"நாடகத்துல வேஷம் கட்றாங்கல்ல, அது மாதிரி."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "உங்கக்காவ மொதமொத பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப உங்கப்பா வெளியூர்ல இருந்தாரு. நான்தான் கையப் புடிச்சி இட்டுனு போனேன். அவ சடங்குக்கு இந்த வூட்லேர்ந்துதான் சீரு போச்சி. டைபாய்டு வந்து படுத்தப்ப ஆஸ்பத்திரில நான்தான் கெடந்தேன். இதெல்லாம் வேஷமா மாப்ள?"

ஐந்தாம் அத்தியாயத்தில் டைபாய்டு வரவே இல்லை. வெட்கமாக இருந்தது. இரண்டு முறை படித்த புத்தகத்தை மூடித் தரையில் வைத்தேன். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"புள்ள சாப்புட்டாளா?" என்று அம்மாவிடம் கேட்டார் மாமா. அக்காவைத்தான்.

"நேத்துலேர்ந்து ஒண்ணும் சாப்புடல, தம்பி."

மாமா நோட்டை மூடிக் கட்டிலில் வைத்தார். பிறகு அத்தையைப் பார்த்து, "காபி போடு" என்றார். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். நான் தப்பித்தேன் என்று நிமிர்ந்தபோது மாமா என் பக்கம் திரும்பினார்.

"வரேன் மாப்ள. ஆனா நாற்காலிதான் ஜாஸ்தி முக்கியம்னு படிச்ச புள்ள நீ எழுதியிருக்க. அத நாம மதிக்கணும். அன்னிக்கு ஒரு நாற்காலிய நீயே தூக்கினு என் பின்னாடி வா. நான் நின்னா விரி. எழுந்தா மடக்கு. அதான் அதோட வேலன்னு எழுதியிருக்கியே."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். நிச்சயத்தன்று காலையில் மாமா டிராக்டர் டிரெய்லரில் தெருவையே ஏற்றிக்கொண்டு செம்மண்டலம் வந்து இறங்கினார். இறங்கியதும் முதல் கேள்வி, "நாற்காலி எங்க மாப்ள?"

அது இரும்பு மடக்கு நாற்காலி. மாமா ஒரு இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டார். வாசலில் விரித்தேன், சமையல் பார்க்கப் போனார். அங்கே விரித்தேன், மேடைக்குப் போனார். புதுச் சட்டையில் துருக்கறை, விரலில் மூன்று இடத்தில் நசுங்கல். சேத்தியாத்தோப்பு சித்தி அழைப்புக்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. தானாகவே வந்து, "ஒருத்தி போதும்னியாமே" என்று என் காதைத் திருகிவிட்டுப் போனார். மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு அருகில் கூப்பிட்டார்.

"தம்பி, பந்தல்காரர் ஆளுதானே? அங்க பொம்பளைங்க நிக்கிறாங்க பாரு, ரெண்டு நாற்காலி போடு."

போட்டேன். மாமாதான் பார்த்துக்கொண்டிருந்தாரே!

தட்டு மாற்றும்போது மாமாவின் கை முதலில் தட்டில் பட்டது. மூன்று நாளாக என்னிடம் முகம் கொடுக்காத அக்கா, மாமாவுக்குப் பின்னால் நாற்காலியோடு நின்ற என்னைப் பார்த்து மேடையிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் போட்டோதான்.

அடுத்த வாரம் மேடம் அசைன்மென்டைத் திருப்பிக் கொடுத்தார். கட்டங்கள் நேராக இருந்ததற்கு மார்க் போட்டிருந்தார். கீழே சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி: 'நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் எங்கே?'

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் சிதம்பரத்துச் சம்பந்தி வீட்டில் பாதிப் பேருக்கு நான் இன்றும் பந்தல்காரர் ஆள்தான். அத்தான் எத்தனை முறை அறிமுகம் செய்து வைத்தாலும் அந்த முகம் அவர்கள் மனதில் பதிந்தது பதிந்ததுதான். போன மாதம் அக்கா மகளுக்குச் சிதம்பரத்தில் காதுகுத்து. பட்டு வேட்டி, கையில் சீர்த் தட்டு, பின்னால் என் மனைவி, மேளம் என்று தோரணையாக மண்டபத்துக்குள் நுழைகிறேன். முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கை தட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, நீதானே? வா வா. அந்த ரெண்டு நாற்காலிய இப்பிடிக் கொண்டாந்து போடு."

மேளக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். தட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு இரண்டு நாற்காலியையும் தூக்கி வந்து விரித்தேன். ஒன்றில் நெல்லிக்குப்பம் மாமா வந்து சாவகாசமாக உட்கார்ந்தார். பழக்க தோஷம், நான் அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவர் திரும்பிப் பார்த்து, பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டினார்.

"ஒக்காரு மாப்ள. கொழந்த ஒம் மடியிலதான் ஒக்காரணும். நீ இல்லாம எப்பிடிக் குத்துவாங்க?"