மெத்தென்று ஒரே ஒரு தடவை

அந்த வாரத்தில் மூன்றாவது விமானமும் ஓடுபாதையில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு எழுத்து வந்து மின்னியது. வேலைக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்த மனிதர் கைப்பிடியை விட்டுவிட்டு முதுகை நாற்காலியில் சாய்த்தார். நாற்காலியும் முதுகும் சேர்ந்து முனகின.

"என்னாச்சு?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"விமானம் சரியில்ல."

"நேத்தும் இதத்தான் சொன்னீங்க."

"நேத்து வேற விமானம். இது வேற."

"எல்லாம் ஓசிதானே?"

ஓசிதான். யாரோ முகம் தெரியாத புண்ணியவான்கள், வேலை முடிந்து வந்து ராப்பகலாய்ச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் போட்டுவைத்த, கம்ப்யூட்டர் விளையாட்டில் ஓட்டும் பயணிகள் விமானங்கள். பார்க்க நிஜம் மாதிரியே பளபளவென்று இருக்கும். கிளம்பும், பறக்கும், திரும்பும். தரையில் இறங்கும்போதுதான் தகராறு.

அவர் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கில் அவரை 'மெதுவாண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். லாரியிலிருந்து எந்தப் பெட்டியை இறக்கினாலும் "மெதுவா... மெதுவா..." என்று சொல்லிக்கொண்டேதான் இறக்குவார். கண்ணாடிச் சாமான் வந்தால் மேற்பார்வையாளர் அவரைத்தான் தேடுவார். மேல் தட்டில் ஏறி அடுக்கும் வேலையை மட்டும் முட்டி வலி என்று யாரிடமாவது தள்ளிவிடுவார். மற்றபடி அவர் கையில் ஒரு டம்ளர் உடைந்தது கிடையாது. அப்பேர்ப்பட்டவர் கையில் இப்போது விமானம் விமானமாக உடைந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது. போன வாரம் போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் வந்துருங்கப்பா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல டிக்கெட் கிடைக்காது."

இரண்டு பேரும் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. மெதுவாண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்கம்மாவுக்குத்தான் பயம்."

பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு குனிந்து ஊசியில் நூலைக் கோத்தாள்.

பாவம், பயத்தில் வாயடைத்துப்போய்விட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர்லயே ஒரு விமானத்த மெத்துனு எறக்கிக் காட்டறேன். அதப் பாத்தா அவளுக்குத் தைரியம் வந்துரும். ஒரே ஒரு தடவ போதும்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

கம்ப்யூட்டர் மகள் விட்டுப்போனது. விமானத்தையும் கைப்பிடியையும் தந்தவர் கிடங்கில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற டிரைவர். தலை நரைத்தும் சாயங்காலமானால் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற ஆள். மூன்றாவது விமானம் உடைந்த மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாண்ணன் அவரிடம் போய் உட்கார்ந்தார்.

"எறங்கும்போது என்ன ஆகுதுண்ணே?" என்று டிரைவர் கேட்டார்.

"டமார்னு சத்தம் வருது."

"சத்தத்த விடுங்க. எந்தச் சக்கரம் முதல்ல தரையத் தொடுது? பின்னாடியா, மூக்குக்குக் கீழயா?"

மெதுவாண்ணன் யோசித்தார். "எல்லாம் ஒண்ணாத்தான் தொடுது."

"அந்த நேரத்துல வேகம் எவ்வளவு?"

"நல்ல வேகம்தான்."

டிரைவர் சாப்பாட்டு டப்பாவை மூடினார். "அப்ப சக்கரத்து ஸ்பிரிங்குதான். ஓசி விமானத்துல வழக்கமா வர்ற கோளாறு. அந்த விமானத்தோட ஃபைலத் திறந்தா சக்கரத்துக்குன்னு ஒரு வரிசை நம்பர் இருக்கும். அதுல ஸ்பிரிங் நம்பரக் கொஞ்சம் கூட்டுங்க."

இவ்வளவு பெரிய விமானத்துக்குக் கொஞ்சம் எப்படிப் போதும்? வீட்டுக்கு வந்து தாராளமாகவே கூட்டினார். விமானம் நின்ற இடத்திலேயே தவளை மாதிரி குதிக்க ஆரம்பித்தது.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "இன்னும் கெளம்பவே இல்ல. அதுக்குள்ள என்ன இவ்வளவு சந்தோஷம் அதுக்கு?"

"நீ பயப்படாத. நிஜ விமானம் இப்படிக் குதிக்காது."

"ஜன்னலோரம் உக்காந்தா மேகமெல்லாம் பக்கத்துல தெரியுமாங்க?"

மேகத்தை நினைத்தே நடுங்குகிறாளே என்று அவருக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

மறுநாள் டிரைவர் தலையில் கை வைத்தார். "அதுல எவ்வளவு லோடு ஏத்திருக்கீங்க?"

"ஃபுல்லாத்தான்."

"பெட்ரோலும்?"

"வழிய வழிய. ஒரு வண்டியப் பாதி காலியா அனுப்ப எப்படிங்க மனசு வரும்? நம்ம தொழில் அப்படியா?"

"அண்ணே, அவ்வளவு கனத்தோட எந்த விமானமும் மெத்துனு எறங்காது. கொறைங்க."

குறைத்தார். பயணிகளை இறக்கினார், சரக்கை இறக்கினார், பெட்ரோலையும் அடிமட்டத்துக்குக் குறைத்தார். விமானம் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. ஓடுபாதைக்கு வந்தது, ஆனால் தரையைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்தது. பாதை முழுக்க மிதந்தபடியே போய், அதையும் தாண்டி, பெட்ரோல் தீர்ந்து ஏரியில் விழுந்தது.

"போகட்டும். உள்ள ஆள் யாரும் இல்ல" என்றார்.

"நீங்க இருந்தீங்களே" என்றாள் மனைவி.

அடுத்த நாள் டிரைவரைக் கேட்கவில்லை. சொந்த மூளையைப் போட்டார். மூக்கு குத்துகிறதென்றால் பின்பக்கம் கனம் வேண்டும். லாரி என்றாலும் விமானம் என்றாலும் ஒரே நியாயம்தானே? எல்லாச் சரக்கையும் வால் பக்கம் ஏற்றினார். விமானம் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிட்டது.

"அதுக்கும் முட்டி வலியோ என்னவோ" என்று சொல்லிவிட்டு மனைவி அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கவும் தெம்பு வேண்டும். மூட்டை என்றால் தோளில் வாங்கி இறக்கிவிடலாம். இதற்கு எங்கே தோளைக் கொடுப்பது?

சனிக்கிழமை டிரைவர் வேறொரு விமானத்தைக் கொடுத்தார்.

"இதுவாவது தானா எறங்குமா?"

"அந்த வசதியெல்லாம் காசு குடுத்து வாங்கற விமானத்துலதான்ணே. இதுல பாருங்க, சத்தம்கூடக் கிடையாது. ஆனா சக்கரம் தங்கம்."

அன்று சாயங்காலம் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இறக்கினார். ஓடுபாதை தூரத்தில் கோடு மாதிரி தெரிந்தது. பெரிதானது. இன்னும் பெரிதானது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். காத்துக்கொண்டே இருந்தார். ஒரு சத்தமும் இல்லை.

"எறங்கிட்டமா?" என்று மெல்லக் கேட்டார்.

"எப்பவோ எறங்கி, ஓடி, ஒரு கட்டடத்துக்குள்ளயும் புகுந்தாச்சு."

"சத்தமே வரலையே!"

"சத்தம் வரலன்னா என்ன, பாத்தாத் தெரியாதா?"

"ஓசி விமானம். அதான்" என்று கம்ப்யூட்டரை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் வீடியோவில் வந்தாள். மேடிட்ட வயிற்றின்மேல் ஒரு கையை வைத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் மெதுவாண்ணன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். எல்லா நம்பரையும் பழையபடி மாற்றி, அளவான லோடு ஏற்றி, பழைய விமானத்தையே மறுபடி கிளப்பியிருந்தார்.

"இரும்மா. உன் கண்ணு முன்னாலயே எறக்கறேன். உங்கம்மாவும் பாக்கட்டும்."

மனைவி போனைத் திரைக்கு அடியில் சாய்த்து நிறுத்தினாள்.

"அம்மா, விமானம் தெரியல. அப்பா மூஞ்சிதான் தெரியுது."

"அதுவே போதும். நல்லாப் பாரு" என்றாள் அம்மா.

விமானம் தாழ்ந்தது. ஓடுபாதை நேராக இருந்தது. வேகம் சரியாக இருந்தது. சக்கரம் வெளியே வந்திருந்தது. இவ்வளவு ஒழுங்காக ஒரு விமானமும் அவரிடம் வந்து சேர்ந்ததில்லை.

"மெதுவா..." என்றார். நெற்றி வேர்த்தது. "மெதுவா... மெதுவா..."

டமார்.

மெதுவாண்ணன் சட்டை முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாத்தியாம்மா, என் தப்பு ஒண்ணும் இல்ல. விமானத்துல ஏதோ கோளாறு. இதப் பாத்தா உங்கம்மா எப்படி வருவா? அவள வற்புறுத்தவும் எனக்கு மனசு வரல. டிக்கெட்ட இப்போதைக்கு..."

மகள் கையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ சொன்னது சரிதான், தரை கிட்ட வந்ததும் அப்பா ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கறாரு, நீ ஆசப்பட்ட மாதிரி ஜன்னல் சீட்ட உனக்கே போடச் சொல்லிடறேன்."