மக்ரே செத்த நாற்காலி

"அதை மட்டும் தொடாதேய்யா," என்றார் லார்ன்.

மெர்ல் டுப்சக் ஏற்கெனவே தொட்டுவிட்டார். அவருடைய சொந்த நாற்காலியின் சக்கரம் அன்று மத்தியானம்தான் கழன்று போயிருந்தது. நின்றுகொண்டே ஒரு பையனின் தலைவிதியை எவ்வளவு நேரம் பேசுவது? மூலையில் கிடந்த பழைய தோல் நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஜன்னல் வழியாகக் கீழே ஹாக்கி அரங்கத்தின் ஐஸைப் பார்த்தபடி பழைய கோச் மக்ரே உயிரை விட்டது அந்த நாற்காலியில்தான். ஆட்டம் முடியும்வரை யாரும் கவனிக்கவில்லை. முடிந்த பிறகும் யாரையும் திட்டாமல் இருக்கிறாரே என்று மேலே வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு மூலைக்குப் போன நாற்காலி அப்புறம் நகரவே இல்லை. அந்த ஓட்டர் கிரீக் ஊரில் இடது கால் ஸ்கேட்டை முதலில் மாட்டாதவனையே உருப்படாதவன் என்பார்கள். செத்தவர் நாற்காலியில் யார் உட்காருவார்?

உட்கார்ந்ததும் மெர்லின் கணுக்காலைச் சில்லென்று ஏதோ தடவியது. கூடவே தைல வாசனை. மக்ரே முட்டிவலிக்கு ஓயாமல் தேய்த்துக்கொள்வாரே, அதே தைலம்.

"உனக்கு வாசனை அடிக்குதா?"

"அடிக்கல," என்றார் லார்ன், மூக்கைப் பொத்திக்கொண்டு.

மெர்ல் அந்த ஜூனியர் ஹாக்கி கிளப்பின் மேனேஜர். லார்ன் ஃப்ரீசன் கோச். இருவருக்கும் தீராத தலைவலி டார்சி வோலெக் என்ற பதினேழு வயதுப் பையன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மெர்ல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் ஆளாக அவனைத்தான் தேர்ந்தெடுத்தார். இந்த சீசனில் பத்தொன்பது ஆட்டம் ஆடிவிட்டான். ஒரு கோல் இல்லை.

கிளப் தலைவர் ஓல்சன் டிராக்டர் விற்கிறவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "ஜனவரி பத்தாம் தேதி மத்தியானம் பன்னெண்டு மணியோட ஆள் மாத்திக்கிற கெடு முடியுது. அதுக்குள்ள அவனை ஆளாக்கு. இல்லேன்னா அவனைக் கொடுத்து நல்ல ஆட்டக்காரனா ரெண்டு பேரை வாங்கு. ரெண்டும் முடியலன்னா உன் மேஜையைக் காலி பண்ணு," என்று சொல்லிவிட்டார். ஐம்பத்துமூன்று வயதில் மெர்லுக்கு ஹாக்கி தவிர வேறு எதுவும் தெரியாது. பயத்தில் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை.

"இன்னும் ஒரு வருஷம் போகட்டும்யா. பையன்கிட்ட சரக்கு இருக்கு," என்றார் லார்ன்.

"என்ன சரக்கு? அவனுக்கு இடப்பக்கம் திரும்பவே வராது. தள்ளிவிட்டா லாரி மாதிரி போய் சுவத்துல முட்டுறான்."

எங்கிருந்தோ சன்னமாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரித்தது இருவரில் ஒருவரும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்டம் தொடங்கியது. டார்சியிடம் பக் என்ற ரப்பர் வட்டு வந்தபோதெல்லாம் எதிரணி அவனை இடப்பக்கமே ஒதுக்கியது. நாலு தடவை சுவரில் முட்டினான். ஐந்தாவது தடவை சுவரே போதும் என்று நினைத்தானோ என்னவோ, பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

"உனக்குக் கரிநாக்குய்யா," என்றார் லார்ன்.

மறுநாள் காலையில் மெர்ல் வந்து பார்த்தால், நாற்காலி பழையபடி மூலையில் இருந்தது. கதவு அவர் பூட்டிவிட்டுப் போனபடி பூட்டியே இருந்தது. அவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

அடுத்த இரண்டு ஆட்டமும் வெளியூரில். பையன் நன்றாகவும் ஆடவில்லை, மோசமாகவும் ஆடவில்லை. அதற்கடுத்த உள்ளூர் ஆட்டத்தன்று மெர்ல் நாற்காலியைத் தொடவில்லை. நின்றுகொண்டே பையனை வாய் வலிக்கத் திட்டினார். ஒன்றும் பலிக்கவில்லை.

"பார்த்தியா, நான் வெறும் மனுஷன். விஷயம் நாற்காலியில இருக்கு," என்றார்.

"சோதிச்சுப் பாத்துடலாமா?" என்று லார்ன் கேட்டது வேடிக்கைக்குத்தான். அடுத்த உள்ளூர் ஆட்டத்தன்று அவரே நாற்காலியை நடு அறைக்கு இழுத்தார். கணுக்காலில் குளிர் ஏறியது. தைலம் மணத்தது. ஒட்டுக்கேட்க யாராவது இருக்கிறார்களா என்று மெர்ல் கதவைத் திறந்து பார்த்தார். படிக்கட்டில் ஈ காக்கை இல்லை. ஜன்னலை மூடினார். தொலைபேசி வயரைக்கூடப் பிடுங்கிப் போட்டார்.

லார்ன் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாருக்கும் தோன்றாத ஒரு பொய்யைச் சொன்னார். "நம்ம டார்சியைச் சின்ன வயசுல நாய் கடிச்சிருக்கு. இப்பவும் நாய் குரைச்சாப் போதும், பயந்து பக்கைக் கோட்டை விட்டுடுவான்."

அன்று மாலை எதிரணியில் இருபது பேரும் குரைத்தார்கள்.

முதலில் ஒருவன் மெல்லக் குரைத்தான். பிறகு பெஞ்சில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கோல்கீப்பர் முகமூடிக்குள்ளிருந்து ஊளையே விட்டான். நடுவர் விதிப்புத்தகத்தில் குரைப்பதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். நாய்க்குட்டி வளர்க்கும் டார்சி என்ன ஏது என்று புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்து, ஒன்பது தடவை பக்கைக் கோட்டை விட்டான். மெர்லுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இருபது பேருக்குள் செத்த மனிதர் புகுந்து குரைக்கிறார் என்றால் சும்மாவா?

மறுநாள் பைன் ஃபோர்ட் கிளப் மேனேஜர் ஸ்டாங் போன் செய்தார். டார்சிக்குப் பதிலாக ஒரு நல்ல தடுப்பாட்டக்காரனைத் தருவதாக டிசம்பரில் சொன்னவர் அவர்.

"அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிக்கிறேன் மெர்ல். ஸ்கேட் தீட்டுற மெஷின் ஒண்ணு எங்ககிட்ட சும்மா கிடக்கு. வேணும்னா அதைத் தர்றேன், பையனை அனுப்பு."

"நல்லா ஓடுற மெஷினா?"

"ஓடுற மெஷினை எவன் கொடுப்பான்?"

கெடுவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. நாற்காலியைத் தொலைத்துவிடுவது என்று மெர்ல் முடிவு செய்து, கீழே சாமான் அறையில் போட்டுப் பூட்டினார். அடுத்த ஆட்டத்துக்கு முன் வெற்று மூலையைப் பார்த்துக்கொண்டு, பையன் குனிந்த தலை நிமிராமல் ஆடுகிறான், எதிரில் இடிக்க வருகிறவனைப் பார்ப்பதே இல்லை என்று லார்னிடம் நிம்மதியாகக் குறைப்பட்டுக்கொண்டார். தைல வாசனை முன்னைவிடத் தூக்கலாக அடித்தது. அன்று டார்சி வாங்கிய இடிகளை எண்ணக்கூட முடியவில்லை. மறுநாள் காலையில் நாற்காலி மூலைக்குத் திரும்பி வந்திருந்தது.

"புரிஞ்சுபோச்சு," என்றார் மெர்ல் கம்மிய குரலில். "மூலையில இருக்கிறவரைக்கும் அவர் தூங்குறார். நகர்த்தினா முழிச்சுக்கிறார். முழிச்சா நாம சொல்றதைச் செய்றார்."

"அப்ப நல்லதாச் சொல்லேன்யா," என்றார் லார்ன்.

இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று மெர்ல் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த ஆட்டத்தன்று நாற்காலியை நடு அறையில் போட்டு, மரியாதைக்கு அதில் உட்காராமல் எதிரே தரையில் உட்கார்ந்து, கல்யாணத் தரகர் மாதிரி புளுகினார்.

"டார்சியைப் பத்தி வெளியில சொல்லிடாதே லார்ன். போன வருஷம் அவனை இடிச்சவன் இன்னும் கஞ்சிதான் குடிக்கிறான், அதுவும் உறிஞ்சுகுழாய் வெச்சு. அவன் கண்ணு ஒரு மாதிரி செருகிச்சுன்னா நானே கதவைச் சாத்திக்குவேன்."

"அவன் அடிச்ச பக் சுவத்தைத் துளைச்சுக்கிட்டுப் போனதை நான் பார்த்தேனே," என்று லார்ன் ஒத்து ஊதினார்.

இந்தத் தடவை சிரிப்புச் சத்தம் இல்லை. யாரோ எச்சில் விழுங்கியது போலிருந்தது.

அன்று ஐஸில் டார்சி போன பக்கமெல்லாம் வழி திறந்தது. ஒருவனும் நாலடிக்குள் வரவில்லை. கோல்கீப்பர் அவனைக் கண்டதும் வலைக்குள்ளேயே பின்வாங்கினான். மூன்று கோல். அடுத்த உள்ளூர் ஆட்டத்தில் நாலு. ஊரே தொப்பிகளைக் கழற்றி ஐஸில் எறிந்தது. வெளியே மைனஸ் முப்பத்தைந்து டிகிரி என்பதே யாருக்கும் நினைவில்லை.

பத்தாம் தேதி காலை டார்சி மாடியேறி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"சார், என்னைப் பார்த்தா உங்களுக்கு வித்தியாசமாத் தெரியுதா?"

"ஏன்ப்பா?"

"யாரும் என் பக்கத்துல வர மாட்டேங்கிறாங்க. நேத்து ஒருத்தன் கீழே விழுந்தான். கை கொடுத்துத் தூக்கலாம்னு போனா, 'எங்கம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை'ன்னு அழறான். எனக்கே என்னைப் பார்த்தா பயமா இருக்கு சார். வேற ஊருக்கு அனுப்புறதா இருந்தா அனுப்பிடுங்க."

பையன் போன பிறகு மெர்ல் மூலையைப் பார்த்தார். நாற்காலி அங்கே பேசாமல் இருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு ஸ்டாங் கூப்பிட்டார். குரல் தழுதழுத்தது. "ரெண்டு தடுப்பாட்டக்காரன், எங்க நம்பர் ஒன் கோல்கீப்பர், அடுத்த வருஷம் எங்களோட முதல் தேர்வு. எல்லாத்தையும் எடுத்துக்கோ. பையனைக் கொடு."

"கொடுத்துடுய்யா. உன் வேலை தப்பிச்சுது. பையனும் போகணும்னு சொல்றான்," என்று லார்ன் காதில் கிசுகிசுத்தார்.

மெர்ல் போனைக் கையால் பொத்தினார். "பொன் முட்டையிடுற வாத்தை எவனாவது விப்பானா? கோச் மக்ரே நம்ம கையில. இந்த வருஷம் கோப்பையே நமக்குத்தான்."

"நாளைக்கு அரங்கத்தை ஐஸ்ல கல்லுத் தள்ளுற கர்லிங் போட்டிக்காரங்களுக்கு விடறோம். அடுத்த பதினோரு ஆட்டமும் வெளியூர்ல. அவர் வெளியூருக்கு வர்றதில்லையே."

"நாற்காலி இங்கேயே கிடந்தா எப்படி வருவார்? கூட்டிட்டுப் போனா வருவார்."

பன்னிரண்டு மணி அடித்தது. ஸ்டாங்குக்கு மெர்ல் சொன்ன பதில் "முடியாது" என்ற ஒரே வார்த்தைதான்.

ஓல்சனிடம் அவர் அதைவிடப் பெரிய வார்த்தை விட்டார். "பதினொண்ணுல பதினொண்ணும் ஜெயிப்போம். ஒண்ணு தோத்தாலும் நீங்க சொல்ல வேண்டாம், நானே மேஜையைக் காலி பண்ணிடறேன்." அதை எழுதிக் கொடுக்கச் சொன்னார் ஓல்சன். மெர்ல் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. நாற்காலியை ஒரு போர்வையால் சுற்றி, தலைமாட்டில் கிளப் தொப்பியையும் மாட்டி, மெர்லும் லார்னும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறங்கினார்கள். பாடை தூக்குகிற பவ்யம் இருந்தது அந்த நடையில். டார்சி பஸ் ஜன்னலில் நெற்றியைப் பதித்து, ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓல்சன், மெர்ல் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஐஸைச் சீவிச் சமப்படுத்தும் வண்டி ஓட்டும் வெர்னா, அரங்கத்தின் சாவிக்கொத்து இடுப்பில் குலுங்க, வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷமாக அந்தக் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கிப் பூட்டுகிறவள் அவள்தான். நாற்காலியைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எத்தனை தடவைப்பா மெர்ல் நான் அதைத் தூக்கிட்டுப் போய் மூலையில வைக்கிறது? அங்க தரையில பழைய காத்துக்குழாய் ஓட்டை இருக்கேன்னு நான் அதால மூடி வெச்சா, நீ எடுத்து எடுத்துப் போட்டுடறே. அப்புறம் மேலே நீங்க பேசுறதை, கீழே உடை மாத்துற ரூம்ல தைலம் தேய்ச்சுக்கிட்டிருக்கிற வெளியூர் டீம் பசங்க அத்தனை பேரும் மூச்சு விடாமக் கேட்டுட்டுத்தான் ஆடப் போறாங்க."